காரணம்: வணக்கம்

அக்காவைப் பணியிடை நீக்கம் செய்த அன்று மருத்துவமனை அவளிடமிருந்து எல்லாவற்றையும் முறைப்படி வாங்கிக்கொண்டது. அடையாள அட்டை, அலமாரிச் சாவி, மேசை விசிறி, நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்த சின்னத் தலையணை. தலையணை தன் சொந்தக் காசில் வாங்கியது என்று அக்கா சொன்னாள். அதை நிரூபிக்கும்வரை அதுவும் மருத்துவமனைச் சொத்துதான் என்றார் நிர்வாக அலுவலர். எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார்கள். அவள் தலைக்குள் இருந்த ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த மருத்துவமனையின் கணினிகள் அத்தனையையும் ஆட்டிவைக்கும் நிர்வாகிக் கடவுச்சொல் அது. ரசீதுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத பொருளை வாங்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது.

குற்றச்சாட்டு இதுதான். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் வரிசை கணினிக்குள் இருந்தது. அதில் வெகு பின்னால் கிடந்த ஒரு பெயர், ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில், யாரையும் இடிக்காமல் மிதிக்காமல் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னுக்குப் போனவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இடுப்பு எலும்பு தேய்ந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர். தன் இடம் எது என்று தினமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது; பெயரை நகர்த்தியவருக்கு அது தெரியவில்லை. வரவேற்புக் கூடத்தில் டீச்சர் போட்ட சத்தம் மேல்மாடிவரை கேட்டது. கணினியின் பதிவைப் புரட்டினார்கள். மாற்றியவர் 'நிர்வாகி' என்று இருந்தது. நிர்வாகி என்றால் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அக்கா மாற்றினாள் என்றால் சும்மா மாற்றியிருக்க மாட்டாள். இவ்வளவு தெளிவாக எல்லாம் முடிந்தபிறகு, விசாரணை என்பது வெறும் மரியாதைக்கு.

"காசு வாங்கினதா சொல்றாங்களே, அதுல வீட்டுக்கு ஒரு பங்காவது வந்திருக்கலாம்," என்றார் அக்காவின் கணவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வண்டி மரத்தில் மோதினாலும் முதலில் சிரிக்கப் பழகியவர். அன்றைக்கு அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அக்கா பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்று, ஏற்கனவே கழுவிய டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தங்கை போனில் கேட்டாள்: "வேற யாருக்காவது அந்தப் பாஸ்வேர்டு தெரியுமா அக்கா?"

"எனக்கே சில நாள் தெரியாது."

"மாமாவுக்கு?"

"உங்க மாமாவுக்கு எங்க கல்யாண நாளே தெரியாது. பாஸ்வேர்டு தெரியுமாம். நான் தொடல டீ. அந்த நேரம் கேன்டீன்ல இருந்தேன். சாம்பிராணி மாதிரி புகைஞ்சுக்கிட்டிருந்த அந்தக் காபி மெஷின ஆள் வெச்சு அணைச்சுக்கிட்டிருந்தேன். அதுவும் என் வேலைதான்னு சொல்லியிருக்காங்க, கரண்டுல ஓடறதாம்."

 தங்கைக்கு இதில் வேறொரு சங்கடம். மருத்துவமனைக் கணினிகளில் ஓடும் இயங்குதளத்தைச் செய்யும் நிறுவனத்தில்தான் அவள் வேலை பார்த்தாள். அந்த இயங்குதளத்தின் லைப்ரரி ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடமில்லை. எல்லா நிரல்களுக்கும் அடிக்கடி தேவைப்படும் சில்லறை வேலைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்பது. ஆளுக்கொரு அடுப்பு மூட்டாமல் பொதுச் சமையலறை வைப்பதுபோல. வசதிதான். அங்கே எலி இருந்தால் எல்லார் தட்டிலும் எலி.

மருத்துவமனை அவளுடைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ஒரு கேள்வி கேட்டிருந்தது: நிர்வாகியைத் தவிர வேறு யாராலும் இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியுமா? நிறுவனம் உடனே பதில் போட்டது. 'எமது இயங்குதளத்தில், நிர்வாகியின் அதிகாரம் நிர்வாகியிடம் மட்டுமே இருக்கும் என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அந்தப் பதிவை விட்டால், அக்காவுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி இந்தப் பெருமிதம்தான்.

ஆக, ஒன்று அக்கா பொய் சொல்கிறாள். இல்லையென்றால் லைப்ரரி பொய் சொல்கிறது. சின்ன வயதில் திருட்டுத்தனமாக ஜாம் தின்றால்கூட உதட்டைத் துடைக்கத் தெரியாதவள் அக்கா. தங்கை லைப்ரரியைத் திறந்து உட்கார்ந்தாள்.

தேடியது அதிக தூரத்தில் இல்லை. நிறுவனத்தின் தலைவர் எந்த மேடையிலும் பெருமை பேசாமல் இறங்காத ஒரு பகுதியிலேயே இருந்தது.

தலைவர் இளமையில் கொஞ்சம் நிரல் எழுதினார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார். அவர் எழுதியது, பயனரை அவரவர் மொழியில் வரவேற்கும் பகுதி. 'உலகின் முதல் வணக்கம் சொல்லும் இயங்குதளம்' என்று அதற்கு விளம்பரம். வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு நிரல் எழுந்ததும், கடவுச்சொல் கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எந்த மொழியில் வணக்கம் சொல்லட்டும், அந்த வணக்கம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது?" என்று வந்தவரையே கேட்கும். அவர் காட்டும் கோப்புறைக்குள் கையை விட்டு, அங்கே இருப்பதை எடுத்து, அது என்ன சொல்கிறதோ அதைச் செய்யும். அங்கே வணக்கம் இருந்தால் வணக்கம். வேறு ஏதாவது இருந்தால் வேறு ஏதாவது. சாதாரண நிரல் என்றால் மோசமில்லை. ஆனால் முழு அதிகாரத்தோடு ஓடும் நிரல்களும் இதே லைப்ரரியைத்தான் கூப்பிட்டன. அவையும் கேட்டன, அவையும் உள்ளே கையை விட்டன, அவையும் செய்தன. முழு அதிகாரத்தோடு.

வங்கியின் காவலாளி, உள்ளே வருகிறவர் யார் என்று விசாரிப்பதற்கு முன்பே, அவர் நீட்டிய தாளை வாங்கி, அதில் எழுதியிருப்பதையெல்லாம் பணிவோடு செய்து முடிப்பதுபோல. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் யார் வேண்டுமானாலும், ஒரு சாப்பாட்டு வேளைக்குள் நிர்வாகியாகிவிடலாம். பதிவிலும் 'நிர்வாகி' என்றுதான் விழும்.

தங்கைக்கு முதலில் நிம்மதி வந்தது. அடுத்த மூச்சிலேயே, உடனே ஒரு கூட்டம் வேண்டும் என்று தலைவருக்கு எழுதினாள்.

*

கூட்டம் கண்ணாடி அறையில் நடந்தது. வெளிப்படைத்தன்மையைக் காட்டுவதற்காகச் சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே நடப்பது தெரியாமல் இருக்க அதன்மேல் திரை. தலைவர் தன் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் செய்தித் தொடர்புத் துறையின் தலைவர். எதை எழுதிக் கொடுத்தாலும் பூசி மெழுகித் திருப்பித் தருவதால் அவருக்கு 'மெருகு' என்று பெயர். அவருக்குக்கூட அந்தப் பெயர் பிடித்திருந்தது. எதிரே, சோதனைப் பிரிவின் மூத்தவர், 'சந்தேகம்'. யாராவது காலை வணக்கம் சொன்னால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

தங்கை விளக்கி முடித்தாள்.

"இது ஓட்டை இல்லம்மா," என்றார் தலைவர். "விருந்தோம்பல்."

"சார், விருந்தாளி கையில வீட்டுச் சாவியக் கொடுக்கறோம்."

"நம்பிக்கை."

"யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடியே கொடுக்கறோம்."

"அதுதான் நம்ம தனித்தன்மை," என்றார் மெருகு, குறிப்பெடுத்துக்கொண்டே.

சந்தேகம் இதற்குள் தலைவரின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, 'விருந்தினர்' என்ற பெயரில் உள்ளே போயிருந்தார். விரல்கள் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு திரையை எல்லாரும் பார்க்கும்படி திருப்பினார். தலைவர் பூட்டி வைத்திருந்த கோப்பு ஒன்று திறந்து கிடந்தது. தலைப்பு: 'விருது ஏற்புரை, இறுதி வடிவம்'. எந்த விருதும் இன்னும் யாரும் கொடுத்திருக்கவில்லை.

"யாருங்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது?"

"நீங்கதான் சார்," என்றார் சந்தேகம். "உங்க வணக்கம்."

 சரி, திருத்திவிடலாம் என்று தலைவர் சம்மதித்தார். மருத்துவமனைகளுக்காக அல்ல. ஏற்புரைக்காக.

"ஆனா சத்தமில்லாம," என்றார். "திருத்தம் போகட்டும். ஓட்டைங்கற பேச்சு வேண்டாம்."

மெருகு ஏற்கனவே வாசகம் எழுதிவிட்டார். புதிய பதிப்போடு வாடிக்கையாளர்களுக்குப் போகும் குறிப்பு அது. சத்தமாகப் படித்தார்: "'வணக்கம், இப்போது இன்னும் வேகமாக.'"

தங்கை அவரையே பார்த்தாள். "இதுல எங்க சார் ஓட்டை அடைச்சதா வருது?"

"அதிகாரத்தோட ஓடற நிரல் இனிமே கண்ட கோப்புறையையும் திறக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. திறக்கலன்னா வேகம்தானே? பொய் இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"எங்க அக்காவுக்கு வேலை போயிருக்கு சார். நீங்க எழுதின கடிதத்த வெச்சுத்தான் அவங்க மேல பழி. அதையாவது திரும்ப வாங்குங்க. 'நாங்க சொன்னது தப்பு, வேற யாரும் பண்ணியிருக்கலாம்'னு ஒரே ஒரு வரி."

மெருகு பேனாவை மூடினார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "கடிதம் எழுதினப்போ நமக்கு ஓட்டை தெரியாது. தெரியாம சொன்னது பொய் ஆகாது. இப்போ தெரியும், ஆனா இப்போ நாம எதுவும் சொல்லல. சொல்லாததும் பொய் ஆகாது. இதுல நீங்க எந்த இடத்துல தப்பு பாக்கறீங்க?"

"நடுவுல ஒருத்தி நிக்கறா இல்ல, அந்த இடத்துல."

"குடும்ப விஷயத்த அலுவலகத்துக்குள்ள கொண்டு வராதீங்கம்மா," என்றார் தலைவர், மிகுந்த கனிவோடு. "நம்ம எல்லாருமே இங்க ஒரு குடும்பம்."

வெளியே போய்ச் சொன்னால் வேலை ஒப்பந்தப்படி வழக்கு. வேலையை விட்டுவிட்டுச் சொன்னாலும் வழக்கு. சொன்னாலும், நிறுவனத்தின் முத்திரை போட்ட கடிதத்துக்கு எதிரே, குற்றம் சாட்டப்பட்டவளின் தங்கை சொன்னது என்ற பெயர்தான் அதற்கு இருக்கும். விசாரணை வியாழக்கிழமை. தங்கை எழுந்தாள். எழும்போது தலைவரின் கோப்பை கண்ணில் பட்டது. அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்தக் கோப்பைதான். தலைவரின் பொன்மொழி அதில் அச்சாகியிருந்தது: 'சோதனை இல்லாத திருத்தம், திருத்தமே அல்ல.'

அதைப் பார்த்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

*

அந்தப் பொன்மொழிக்கு ஒரு சரித்திரம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய மேடையில், பேச்சு சூடுபிடித்த வேகத்தில், தலைவர் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். இனி எந்தத் திருத்தம் போனாலும் கூடவே அதன் சோதனையும் போகும். 'நீங்களே சோதியுங்கள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். புதிய பதிப்பைப் போடுவதற்கு முன்னால் பழையதில் என்ன குறை இருந்தது என்று, பாமரருக்கும் புரியும் மொழியில், திரை சொல்லும். கைதட்டல் எழுந்தது. மேடையில் சொன்னதால் செய்தும் ஆகவேண்டியிருந்தது. செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானைச் சந்தேகத்தைத் தவிர யாரும் அழுத்தியதாகத் தெரியவில்லை.

தங்கை முதலில் திருத்தத்தை எழுதினாள். பயனர் காட்டும் கோப்புறை இயங்குதளத்துக்குச் சொந்தமானதுதானா என்று பார்ப்பது. ஆம் என்றால் மட்டும் திறப்பது. எழுதிச் சந்தேகத்திடம் கொடுத்தாள்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பாக்கற. அப்புறம் திறக்கற."

"ஆமா."

"பாத்ததுக்கும் திறக்கறதுக்கும் நடுவுல நான் கோப்புறைய மாத்தி வெச்சுட்டா?"

"அதுக்கு ஏது நேரம்?"

அவர் மாற்றி வைத்தார். அவள் திரையில் மறுபடியும் 'நிர்வாகி'. "கண்ணாடியில முகம் பாத்துட்டு வேற ஆள் தலைக்கு முடி வெட்டற மாதிரி இருக்கு," என்றார்.

கதவை இன்னும் கெட்டியாக்கி, பூட்டுக்குமேல் பூட்டுப் போட்டு இரண்டாவதாக ஒன்று எழுதினாள். அதையும் வேறொரு சந்து வழியாகக் கடந்தார். இந்தமுறை அவருக்கே கொஞ்சம் வருத்தம். "நீ உள்ள வர்றவன நல்லா சோதிக்கணும்னு பாக்கற. அவன்கிட்ட எதுக்கு கேக்கற? கேட்டாத்தானே ஏமாத்துவான்?"

அதுதான் சரியாக இருந்தது. தன்னைக் கூப்பிட்டவரைவிட அதிக அதிகாரம் தன் கையில் இருந்தால், அவரிடம் எதையும் கேட்காதே. எங்கே இருக்கிறது வணக்கம் என்று கேட்காதே. உன்னிடம் இருக்கிற வணக்கத்தைச் சொல். எழுதி முடித்தபோது, போட்ட பூட்டுகள் எல்லாம் போய், சில வரிகள்தான் மிஞ்சின. சந்தேகம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாச் சந்தும் அடைத்திருந்தது. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்ததை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

பிறகு சோதனையை எழுதினாள். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. சோதனை ஒரு சாதாரணப் பயனராக உள்ளே போகும், வணக்கம் கேட்கும் நிரலைக் கூப்பிடும், தான் நிர்வாகியாகிவிட்டோமா என்று பார்க்கும், எதையும் கெடுக்காமல் வெளியே வரும். வந்து, பார்த்ததைச் சொல்லும். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவள் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். மெருகு தொடாத தமிழில்.

சந்தேகம் படித்துப் பார்த்தார். "கொஞ்சம் நீளமா இருக்கே."

"பாமரருக்கும் புரியணும்னு விதி இருக்கு சார்."

"இருக்கு இருக்கு." சம்மதம் என்று குறித்தார். வேறு எதையும் அவர் சந்தேகிக்கவில்லை. அல்லது சந்தேகித்ததைச் சொல்லவில்லை.

மெருகு தன் பங்குக்குக் குறிப்பில் கடுமையாக உழைத்தார். 'இன்னும் வேகமாக' என்பதை 'மேலும் வேகமாக' என்று மாற்றினார். காலையில் திரும்பவும் 'இன்னும்' ஆக்கினார். சோதனையை அவர் திறக்கவில்லை. அது தொழில்நுட்பம். புதன்கிழமை புதிய பதிப்பு ஊரெல்லாம் போனது. எல்லாருக்கும் வெளியான பிறகு, வெளியான பொருளைப் பற்றிப் பேச யாருக்கும் தடை இல்லை.

"அக்கா, நாளைக்கு விசாரணையில அப்டேட் ஒண்ணு வந்திருக்கும்," என்றாள் தங்கை போனில். "போடறதுக்கு முன்னாடி 'நீங்களே சோதியுங்கள்'னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கச் சொல்லு. எல்லார் முன்னாடியும்."

"அமுக்கினா?"

"அமுக்கறது நல்ல பழக்கம்க்கா."

 "நீ ஜாம் திருடினப்பவும் இதே குரல்லதான் பேசுவ," என்றாள் அக்கா.

*

விசாரணைக் குழுவில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், நிர்வாக அலுவலர், அக்காவின் இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருந்த மாற்று ஆள். கூட்ட அறைச் சுவரில் பெரிய திரை. பணிநீக்க உத்தரவைக் கண்காணிப்பாளர் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஏதாவது சொல்றதுக்கு இருக்காம்மா?"

"புது பதிப்பு வந்திருக்கு சார். என் இடத்துக்கு வந்திருக்கற இவரு வரவேற்பு மேசைப் பேருல உள்ள போயி, அந்தச் சோதனைப் பட்டன அமுக்கட்டும். அவ்வளவுதான்."

அதில் தனக்குப் பாதகமாக எதையும் கண்காணிப்பாளரால் காண முடியவில்லை. மாற்று ஆள் அழுத்தினான். திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

'தோல்வி. நான் ஒரு சாதாரணப் பயனர். கடவுச்சொல் எதுவும் தராமல் இந்தக் கணினியின் நிர்வாகி ஆகிவிட்டேன். நான் என்ன செய்தாலும் பதிவில் நிர்வாகியின் பெயரே விழும். உண்மையான நிர்வாகிக்கு இது தெரிய வழியில்லை. இந்த இயங்குதளத்தின் முதல் பதிப்பிலிருந்தே இப்படித்தான். காரணம்: வணக்கம்.'

நிர்வாக அலுவலர் அதை வாய்விட்டுப் படித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது பழக்கதோஷத்தில் கையைக் கூப்பப் போய் நிறுத்திக்கொண்டார்.

கண்காணிப்பாளர் நிறுவனத்துக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசையில் வைத்தார். மெருகு எடுத்தார்.

"எங்க வரவேற்பு மேசையில உக்காந்திருக்கற யார் வேணா நிர்வாகி ஆகலாம்னு உங்க சோதனையே சொல்லுது. ஆமாவா, இல்லையா?"

"வாடிக்கையாளர் அனுபவத்தை நாங்கள் தொடர்ந்து—"

"ஆமாவா, இல்லையாங்க?"

மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அந்த... ஆமா," என்றார் மெருகு. மெருகே இல்லாமல் வந்த அவருடைய முதல் வாக்கியம் அதுதான்.

அதே நேரத்தில் கண்ணாடி அறையில் தலைவர் தங்கையை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாரு உங்கள இப்படி எழுதச் சொன்னது?"  அவள் அவர் கையிலிருந்த கோப்பையைக் காட்டினாள். அவர் அதைத் திருப்பி, தன் பொன்மொழியை முதல்முறையாகப் படிப்பவர்போல் படித்தார். அதன்பிறகு அவர் யோசித்தது அவளை வேலையை விட்டு நீக்குவதைப் பற்றியா, 'நேர்மையே எங்கள் வணக்கம்' என்ற அடுத்த மேடைப் பேச்சைப் பற்றியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கே அது முடிவாகவில்லை.

மருத்துவமனையில் கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய உத்தரவை ஓரமாக வைத்தார். புதியது ஒன்று தயாரானது. அது தயாராகும்வரை, அந்தப் பெயரை நகர்த்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அக்காதான் என்று நம்பிய நாட்களில் தண்டித்தே ஆகவேண்டும் என்று துடித்தவர்கள், யாராகவும் இருக்கலாம் என்று தெரிந்ததும், கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அக்கா உத்தரவைப் படித்தாள். 'பணியாளர் ஒழுங்கில் சில மேம்பாடுகள் செய்யப்பட்டிருப்பதால், தாங்கள் மீண்டும் பணியில் சேரலாம்.'

"இதுல என்ன தப்பு நடந்துச்சுன்னு இல்லையே சார்."

"அதான் வாங்கன்னு சொல்லிட்டோமேம்மா. முதல்ல இந்தப் பதிப்ப ஏத்துங்க. ஓட்டைய வெச்சுக்கிட்டு எப்படி?"

மாற்று ஆள் இதற்குள் தானே ஏற்றிவிடலாம் என்று முயன்றுகொண்டிருந்தான். கணினி நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டது. அவன் நிர்வாக அலுவலரைப் பார்த்தான். நிர்வாக அலுவலர் தன் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"வாங்கலயா?" என்றார் கண்காணிப்பாளர்.

"கட்டம் இல்ல சார்."

"அதுக்கென்ன சார்," என்றான் மாற்று ஆள், உற்சாகமாக. "அந்த வணக்கம் வழியாவே உள்ள போயி, வணக்கத்த அடைச்சுட்டு வந்துடலாம்."

மூவர் முகத்திலும் வெளிச்சம் பரவியது. அக்கா எழுந்து, நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, எல்லாருக்கும் தெரியும்படி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாராளமா போங்க. பதிவுல யார் பேரு விழும் தெரியுமில்ல? என் பேரு. நான் இங்க உக்காந்திருக்கேன், நீங்க மூணு பேரும் பாத்துக்கிட்டிருக்கீங்க. அப்புறம் நான் அந்தப் பதிவ எடுத்துக்கிட்டு எங்க போகணுமோ போறேன்."

மாற்று ஆள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"பிடிவாதம் பிடிக்காதீங்கம்மா," என்றார் கண்காணிப்பாளர். "உங்க வேலைய உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கறோம்."

"வேலை இங்கயேதான் சார் இருக்கு, எங்கயும் போகல. என் பேருதான் வெளிய போயிருக்கு. தெருவுல, மார்க்கெட்ல, என் பொண்ணு படிக்கற ஸ்கூல் வாசல்லன்னு சுத்திக்கிட்டிருக்கு. அதக் கூட்டிட்டு வாங்க. நானும் கூடவே வர்றேன்."

"'தவறு'ங்கற சொல் நம்ம உத்தரவுப் படிவத்துல கிடையாதும்மா," என்றார் நிர்வாக அலுவலர் தாழ்ந்த குரலில். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கிடையாது.

"கையால எழுதுங்க."

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார்.  வெளியே கூடத்தில் கணக்கு டீச்சரின் குரல் கேட்டது. தன் இடம் இன்றைக்கு எது என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் எழுதினார். இவர் அதைச் செய்யவில்லை. விசாரிக்காமல் இவர்மேல் பழி போட்டது எங்கள் தவறு. செய்தது யார் என்று இனி விசாரிக்கப்படும். வரிசை பழையபடி வைக்கப்படும். கடைசி இரண்டு வாக்கியங்களும் அக்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியவை.

அக்கா அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். கணினியின் முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினாள். மூவரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு அந்த மரியாதை கிடைத்து வெகுநாளாகியிருந்தது. பதிப்பு ஏறியது. சோதனையை மறுபடி அழுத்தினாள். 'வெற்றி. என்னால் நிர்வாகி ஆக முடியவில்லை' என்றது திரை. அதன்கீழே, பூப்போட்ட எழுத்தில், நிறுவனத்தின் குறிப்பு: 'வணக்கம், இப்போது இன்னும் வேகமாக.'

"அவ்வளவுதானா?" என்றார் கண்காணிப்பாளர், அதைப் படித்துவிட்டு. அவருக்கே கோபம் வந்திருந்தது. "இத்தனை நடந்திருக்கு, வேகமாம் வேகம். ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கத் தெரியாத ஜனங்க."

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து பார்த்து, முதுகுக்கு எதுவும் தட்டுப்படாமல் போகவே, பையிலிருந்து ரசீதை எடுத்து நிர்வாக அலுவலர் பக்கம் நீட்டினாள்.

"என் தலையணை."

நிர்வாக அலுவலர் ரசீதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். எல்லாக் கட்டமும் சரியாக நிரப்பியிருந்தது. அவர் உட்கார்ந்தபடியே சற்று முன்னால் நகர்ந்து, தன் முதுகுக்குப் பின்னாலிருந்து அதை உருவி எடுத்துக் கொடுத்தார்.